இறங்குவதற்கு முந்திய மூன்று வினாடிகள்

ஏலக்காயை வட்டிலப்பத்திலும் புரியாணியிலும் சந்தித்திருக்கும் நம்மில் எத்தனை பேர் ஏலப்பூவைக் கண்டிருக்கிறோம்? மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் பக்கம் ஏறிச் சென்றால் நக்கிள்ஸ் மலைச்சாரலின் ஈர நிழலில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் ஏலச் செடிகளைக் காணலாம். பூவைத் தேடி அண்ணாந்து பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். செடியின் அடியிலிருந்து புறப்படும் மெல்லிய தண்டுகளில், பெரும்பாலும் நிலத்தை ஒட்டியே அது பூக்கிறது. வெள்ளை நிறம், அகன்ற இதழ் போன்ற பகுதியில் மட்டும் ஊதாக் கோடுகள். காலையில் விரியும் பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். சூலகத்தின் குறி மகரந்தக்கூட்டைத் தாண்டிச் சற்று நீட்டிக்கொண்டிருப்பதால் பூ தனக்குத்தானே மகரந்தச்சேர்க்கை செய்துகொள்வது கடினம். ஆகவே அந்த ஒரு நாளுக்குள் ஒரு தேனீ வரவேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் காய் இல்லை.

இவ்வளவு மறைவாகப் பூக்கும் ஒன்றைத் தேனீ எப்படி அறிந்துகொள்கிறது? "அது அதன் இயல்பு" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஸூரத்துன் நஹ்லின் 68ஆம் 69ஆம் வசனங்களைக் குர்ஆன் மத்ரஸாவில் சிறுவயதிலேயே ஓதியவர்கள் நாம். தேனீக்கு அல்லாஹ் வழிகாட்டியிருக்கிறான் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. அந்த வழிகாட்டலின் ஒரு பகுதியாகத் தேனீக்குக் கற்கும் ஆற்றலும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகு என்னை வியக்க வைத்தது. எந்தப் பூவில் இன்று அமுதம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு எந்தத் தேனீயும் பிறப்பதில்லை. பிறக்கும்போதே நீலம், ஊதா போன்ற சில நிறங்களின் மேல் ஒரு சாய்வு இருக்கிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அது பறந்து திரிந்து படித்துக்கொள்ளும் பாடம்.

முதலில் நமது மாவட்டத்துத் தேனீக்களை அடையாளம் கண்டுகொள்வோம். பெட்டியில் வளர்க்கக்கூடியது, சிங்களத்தில் 'மீ மெஸ்ஸா' எனப்படும் ஆசியத் தேனீ. விஞ்ஞானப் பெயர் ஏபிஸ் செரானா. மிகச் சிறியதும் கொட்டாததும் 'கனெய்யா', அதாவது கொசுத்தேனீ. பற்றைகளில் ஒற்றை அடை கட்டும் சிறு தேனீ ஏபிஸ் ஃபுளோரியா. நான்காவது 'பம்பரா' என்ற பெரிய மலைத்தேனீ, ஏபிஸ் டோர்சாட்டா. சிகிரியாக் குன்றின் பாறை விளிம்புகளில் கறுப்புத் திரைகள் போலத் தொங்குபவை இதன் அடைகள்தான். அங்கே சத்தம் போடக் கூடாது என்று அறிவிப்புப் பலகை இருப்பதும், ஆபத்து வந்தால் ஒதுங்குவதற்குக் கம்பிவலைக் கூடுகள் வைத்திருப்பதும் இவற்றுக்காகவே. நமது பத்திரிகைகள் பல வேளைகளில் இவற்றையும் 'குளவி' என்றே எழுதிவிடுகின்றன. குளவி வேறு, தேனீ வேறு. இந்த ஒரு சொல்லைப் பத்திரிகைகள் திருத்திக்கொண்டால் நல்லது.

தேனீ கற்கிறது என்பதை முறையாக நிரூபித்தவர் ஒஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் வொன் ஃபிரிஷ். அவருடைய காலத்தில் ஹெஸ் என்ற புகழ்பெற்ற கண் மருத்துவப் பேராசிரியர், தேனீக்கு நிறமே தெரியாது, வெளிச்சத்தின் கூடுதல் குறைவு மட்டுமே தெரியும் என்று எழுதியிருந்தார். வொன் ஃபிரிஷ் ஒரு நீல அட்டையின் மேல் சீனிப்பாகு வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு வெள்ளையிலிருந்து கறுப்பு வரையுள்ள பல சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவில் ஒரு புதிய நீல அட்டையை வைத்தார். எல்லா அட்டைகளின் மேலும் வெறுமையான கிண்ணங்கள். தேனீக்கு நிறம் தெரியாது என்றால் நீலத்தை ஒத்த வெளிச்சமுள்ள ஏதோ ஒரு சாம்பல் அட்டையோடு அது குழம்ப வேண்டும் அல்லவா? குழம்பவில்லை. நேராக நீலத்துக்கே வந்து வெறுங்கிண்ணத்தில் பாகைத் தேடியது. மணத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம் என்று யாரும் சொல்லாதபடி அட்டைகளைக் கண்ணாடியால் மூடியும் பார்த்தார். 1914இல் இதை வெளியிட்டார். 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பரிசோதனையில் எனக்குப் பிடித்தது அந்த வெறுங்கிண்ணம்தான். பாகு இருந்திருந்தால் தேனீ பாகைக் கண்டு வந்தது என்று சொல்லிவிடலாம். பாகு இல்லாத இடத்துக்கு வந்தது என்றால், வந்தது அதன் நினைவு.

பின்னர் வந்தவர்கள், தேனீயின் கண்ணுக்கு மூன்று அடிப்படை நிறங்கள் உண்டு என்று காட்டினார்கள். நமக்குச் சிவப்பு, பச்சை, நீலம். அதற்குப் பச்சை, நீலம், கழியூதா. தூய சிவப்பு அதற்குக் கறுப்புப் போன்றது. நமது கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் சில பூக்களில் கழியூதாவில் வரைந்த கோடுகளும் வட்டங்களும் இருக்கின்றன; அவற்றை நாம் காண்பதில்லை. ஏலப்பூவின் ஊதாக் கோடுகள் நமது கண்ணுக்கும் தெரிகிற வழிகாட்டிகள் எனலாம்.

எல்லா நிறத்தையும் தேனீ ஒரே வேகத்தில் கற்பதில்லை. ஜேர்மனியின் ரண்டொல்ஃப் மென்ஸெல் 1960களில் இதை அளந்து பார்த்தார். ஊதா நிறத்தின் மேல் ஒரே ஒரு தடவை சீனிப்பாகு கிடைத்தாலே போதும், அடுத்த முறை பெரும்பாலான தேனீக்கள் ஊதாவையே தேர்ந்தெடுத்தன. நீலப்பச்சை நிறத்துக்கு அதைவிடப் பல தடவைகள் தேவைப்பட்டன. மூன்று தடவை வெகுமதி கிடைத்து நன்றாகப் பதிந்த நிறத்தைத் தேனீ நாட்கணக்கில் மறப்பதில்லை. வெளியே சென்று உணவு தேடும் வேலைக்காரத் தேனீக்கு அந்த வேலையில் கிடைப்பதே இரண்டு மூன்று வாரங்கள்தான். எனவே நாட்கணக்கு என்பது அதற்கு ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும்தான். ஒரு பாடத்தை மூன்று தடவை வாசித்து வாழ்நாள் முழுவதும் மறக்காமலிருக்கும் வரம் நமக்கும் இருந்தால் பரீட்சை மண்டபத்தில் எவ்வளவு நிம்மதி!

இனிக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். தேனீ பூவை நெருங்குகிறது, இறங்குகிறது, குடிக்கிறது, எழுந்து ஒரு வட்டம் சுற்றிப் பறந்துபோகிறது. இந்த நான்கில் எந்தக் கட்டத்தில் அது நிறத்தைக் கற்கிறது? குடித்துக்கொண்டிருக்கும் நேரம்தான் நீண்டது. அப்போது நிறம் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. ஆகவே குடிக்கும்போதுதான் கற்கும் என்று நினைப்பது இயல்பு. எலிசபெத் ஒப்ஃபிங்கர் என்ற ஆய்வாளர் 1931இல் இதைச் சோதித்தார். தேனீ நெருங்கும்போது ஒரு நிறம், குடிக்கும்போது இன்னொரு நிறம், புறப்படும்போது வேறொரு நிறம் தெரியும்படி ஏற்பாடு செய்தார். திரும்பி வந்த தேனீ தேடியது, நெருங்கும்போது கண்ட நிறத்தையே. பின்னாளில் மென்ஸெல் இந்தக் கால எல்லையை இன்னும் துல்லியமாக அளந்தார். நாக்கு பாகில் படுவதற்கு முந்திய இரண்டு மூன்று வினாடிகளில் காணும் நிறமே மனதில் நிற்கிறது. நாக்குப் பட்ட பிறகு அரை வினாடிக்குள் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது.

இதை வாசித்தபோது நம்பிக்கை வரவில்லை. எங்கள் வளவில் வாப்பா வைத்திருக்கும் தேனீப் பெட்டி கைகொடுத்தது. மழை மாதங்களில் பூ குறையும்போது வாப்பா சீனியும் தண்ணீரும் கரைத்துக் கொடுப்பார். எனவே பாகு வைத்தால் வருவதற்கு அந்தத் தேனீக்கள் தயாராகவே இருந்தன. ஒரு கதிரையில் கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து, அதன் மேல் தெளிவான கண்ணாடிக் கிண்ணத்தில் பாகு வைத்தேன். தகட்டின் கீழே நீலத் தாள். முதலில் வந்த தேனீ குடித்துக்கொண்டிருந்தபோது அதன் முதுகில் மெல்லிய தூரிகையால் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தேன். (பயப்பட வேண்டாம், குடிக்கும் தேனீ வேறெதையும் கவனிப்பதில்லை.) அது போய்ச் சில நிமிடங்களில் திரும்பி வந்து, இறங்கி, நாக்கை நீட்டிய உடனே தங்கச்சி நீலத் தாளை மெல்ல உருவி மஞ்சள் தாளைச் செருகினாள். மஞ்சளின் மேலேயே முழுவதையும் குடித்துவிட்டுப் பறந்தது. இப்படிச் சில தடவைகள். பிறகு பாகுக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, நீலத்தையும் மஞ்சளையும் அருகருகே விரித்து, இரண்டின் மேலும் கழுவித் துடைத்த வெறுங்கிண்ணங்களை வைத்தோம்.

வெள்ளைப் பொட்டுக்காரி நீலத்தில்தான் இறங்கினாள். மஞ்சளைப் பார்த்தபடி அவள் குடித்த நேரம் எத்தனையோ மடங்கு அதிகம். அது கணக்கில் வரவேயில்லை. அடுத்த நாள் நிறங்களை மாற்றி, மஞ்சளில் வரவேற்று நீலத்தில் குடிக்க வைத்த இன்னொரு தேனீ மஞ்சளுக்கே போனது. பச்சைப் பொட்டு வைத்த மூன்றாவது திரும்பி வரவேயில்லை. பல்லி பிடித்திருக்கும் என்பது தங்கச்சியின் தீர்ப்பு. இரண்டு தேனீக்களை வைத்து விஞ்ஞானம் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் புத்தகத்தில் இருந்தது எங்கள் வளவிலும் இருந்தது. அதுவும் ஐரோப்பியத் தேனீயில் அல்ல, நம்முடைய தேனீயில்.

ஏன் இப்படி? யோசித்துப் பார்த்தால் இதில் பெரிய நியாயம் இருக்கிறது. காட்டில் பறக்கும் தேனீக்குத் தேவையானது உணவை முன்கூட்டிச் சொல்லும் அடையாளம். உணவு வாயில் இருக்கும்போது தெரியும் காட்சி அடுத்த உணவைத் தேட உதவாது. தூரத்திலிருந்து வரும்போது முதலில் தெரிந்தது எதுவோ, அதுவே அடுத்த முறையும் முதலில் தெரியும்.

மணத்திலும் இதே ஒழுங்குதான். பாவ்லோவின் நாயைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். மணியோசைக்குப் பின் உணவு, உணவுக்கு உமிழ்நீர். பழகிய பின் மணியோசைக்கே உமிழ்நீர். இதை நிபந்தனைப்பட்ட தெறிவினை என்கிறோம். தேனீயில் உமிழ்நீருக்குப் பதிலாக நாக்கு. தேனீயின் உணர்கொம்பில் சீனிப்பாகு பட்டவுடன் அது தன்னை அறியாமல் நாக்கை நீட்டும். 1950களில் ஜப்பானிய ஆய்வாளர் குவபாரா இந்தத் தெறிவினையைக் கற்றலை அளக்கும் கருவியாக்கினார். இன்று உலகின் பல ஆய்வுகூடங்களில் தேனீயைப் பனிக்கட்டியில் வைத்துச் சிறிது மயக்கி, தலை மட்டும் வெளியே தெரியுமாறு ஒரு சிறு குழாயில் பொருத்துகிறார்கள். ஒரு மணத்தை ஊதுகிறார்கள். சில வினாடிகள் கழித்து உணர்கொம்பில் பாகைத் தொட்டு நாக்குக்கும் கொடுக்கிறார்கள். ஒரு தடவை, அல்லது இரண்டு மூன்று தடவை. அதன்பின் மணம் மட்டும் வந்தாலே நாக்கு நீள்கிறது. ஆனால் வரிசையை மாற்றி முதலில் பாகு, பிறகு மணம் என்று கொடுத்தால் கற்பதில்லை. அதற்கும் மேலாக, அந்த மணம் "இனி ஒன்றும் இல்லை" என்ற அடையாளமாகப் பதிந்து, பின்னர் சரியான வரிசையில் கற்பிப்பதையும் தாமதப்படுத்துகிறது.

தேனீயின் மூளை ஏறக்குறைய ஒரு கன மில்லிமீற்றர். அதில் சுமார் பத்து இலட்சம் நரம்புக்கலங்கள். மனித மூளையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆயினும் அந்தச் சிறு மூளையில் 'வெகுமதி கிடைத்தது' என்ற செய்தியைக் கொண்டுசெல்லும் ஒரு குறிப்பிட்ட நரம்புக்கலத்தை பேர்லினில் மார்ட்டின் ஹமர் கண்டறிந்து 1993இல் வெளியிட்டார். அதன் கிளைகள் மணத்தை உணரும் பகுதிக்கும், காளான் உடல்கள் எனப்படும் நினைவுப் பகுதிக்கும் பரந்து செல்கின்றன. ஹமர் செய்தது இதுதான்: மணம் கொடுத்தார், பாகு கொடுக்கவில்லை, அதற்குப் பதிலாக அந்த ஒற்றைக் கலத்தை மின்னால் தூண்டினார். தேனீ கற்றுக்கொண்டது! ஒரு துளி இனிப்பும் நாக்கில் படாமலே இனிப்புக் கிடைத்ததாக மூளை ஏற்றுக்கொண்டது. இந்தச் செய்தியைக் கடத்துவதில் ஒக்டோபமைன் என்ற பொருளுக்குப் பங்கு உண்டு என்பது பிறகு தெரியவந்தது.

இதுவரை தேனீயின் பக்கம். பூவுக்கு என்ன இலாபம்? ஒரு பூவை நன்றாகக் கற்ற தேனீ, அமுதம் கிடைக்கும்வரை அதே இனப் பூக்களையே நாடிச் செல்கிறது. அரிஸ்டோட்டில் காலத்திலேயே கவனிக்கப்பட்ட விடயம் இது. ஏலப்பூவின் மகரந்தம் இன்னொரு ஏலப்பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். கொய்யாப்பூவில் கொட்டிப் பயனில்லை. தேனீயின் நினைவாற்றல் இல்லாவிட்டால் பெரும்பாலான மகரந்தம் வழியிலேயே வீணாகும். ஏலப்பூவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் பூக்குழல் இரண்டு சென்ரிமீற்றருக்கும் மேல் நீளம். தேனீயின் நாக்கு அரைச் சென்ரிமீற்றர் அளவுதான். கர்நாடகத்தில் ஏலத் தோட்டங்களில் ஆய்ந்தவர்கள், குழலின் நடுவே செல்லும் மெல்லிய தம்பத்தைச் சுற்றியுள்ள ஒடுங்கிய இடைவெளியில் அமுதம் மேலேறி நிற்பதால் குட்டை நாக்குக்கும் எட்டுகிறது என்று 1997இல் விளக்கினார்கள். எட்டாத இடத்தில் வெகுமதி இருந்தால் யார்தான் பாடம் படிப்பார்கள்?

மாத்தளையின் பயிர்கள் எல்லாம் இப்படித் தேனீயை நம்பியிருக்கவில்லை. மிளகின் நுண்ணிய பூக்களுக்கு மழைத்துளியே போதுமானது. மாத்தளை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் காணும் வனிலாவுக்கு இங்கே பொருத்தமான பூச்சியே இல்லை. ஒவ்வொரு பூவையும் மனிதன் கையால் தொட்டுச் சேர்க்க வேண்டும். கோப்பியின் கதை இதைவிடச் சுவையானது. தேயிலைக்கு முன்னர் நமது மலைகளை மூடியிருந்தது கோப்பிதான். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் அதை அழித்தது. இன்று வீட்டு வளவுகளில் சில செடிகள் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கோப்பிப் பூவின் அமுதத்தில் சிறிதளவு கஃபீன் இருக்கிறது. ஜெரால்டின் ரைட் என்பவரும் அவரது குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, கஃபீன் கலந்த வெகுமதியோடு ஒரு மணத்தைக் கற்ற தேனீக்களில் 24 மணித்தியாலத்துக்குப் பிறகும் அதை நினைவில் வைத்திருந்தவை, வெறும் சீனியோடு கற்றவற்றைப் போல மூன்று மடங்கு. பரீட்சைக் காலத்தில் உம்மா போட்டுத் தரும் கோப்பியைக் கோப்பிச் செடி தன் மாணவிகளுக்கு எப்போதோ போட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

நிறம், மணம் மட்டுமல்ல, நேரமும் பாடத்தில் அடங்கும். 1929இல் இங்கபோர்க் பெலிங் என்ற ஆய்வாளர், தினமும் ஒரே நேரத்தில் உணவு வைத்த இடத்துக்குத் தேனீக்கள் உணவு இல்லாத நாளிலும் அதே நேரத்துக்கு வருவதைக் காட்டினார். பூசணிப் பூவைப் பார்த்தவர்களுக்கு இதன் பயன் புரியும். அது விடியும்போது விரிந்து உச்சி வெயிலுக்கு முன்னரே சுருங்கிவிடுகிறது. அதைக் கற்ற தேனீ பின்னேரத்தில் அங்கே போய் நேரத்தை வீணாக்குவதில்லை. சுபஹுக்குப் பின் வெளிச்சம் பரவியதும் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் கலேவெலவில் பூசணியும் பாகலும் செய்யும் என் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கடந்த இரண்டு போகங்களாக அவருடைய பூசணிப் பிஞ்சுகள் பல, விரல் அளவிலேயே மஞ்சளித்து உதிர்ந்தன. மகரந்தம் போதிய அளவு கிடைக்காத பெண்பூவின் பிஞ்சு உதிர்வது வழக்கம். மாமியும் மூத்த மச்சியும் விடியற்காலையில் ஆண்பூவைப் பிய்த்துப் பெண்பூவில் தடவிக்கொண்டு திரிந்தார்கள். தேனீ சும்மா செய்துகொடுக்கும் வேலைக்கு இரண்டு பேரின் காலை நேரம் செலவானது. மாமா மருந்து அடிப்பதும் அதே காலை நேரத்தில்தான். நான் கேட்டபோது அவர் சொன்ன காரணம் நியாயமானது.

"மகள், காலையில காத்து இல்ல. பின்னேரம் அடிச்சா பாதி மருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். வெயிலுக்குள்ள முதுகுல டாங்கியைச் சுமந்துகொண்டு நிக்கவும் ஏலாது."

போத்தலின் லேபலில் இமிடாகுளோபிரிட் என்று இருந்தது. இது நிகோட்டினை ஒத்த, பூச்சியின் நரம்புகளைத் தாக்கும் வகையைச் சேர்ந்தது. தேனீயைக் கொல்லாத சிறு அளவிலும் இது என்ன செய்கிறது என்பதற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் டான் கென் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். அவர்கள் எடுத்தது நமது பெட்டியில் வளரும் அதே ஏபிஸ் செரானா. மருந்து கலந்த உணவை உண்டவை மணத்தைக் கற்பதில் பின்தங்கின. புழுப் பருவத்தில் மட்டும் அதை உண்டவையும் வளர்ந்த பின் சரியாகக் கற்கவில்லை. அதே ஆண்டில் ரைட்டின் குழுவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. இமிடாகுளோபிரிட்டின் சுவை தேனீக்குத் தெரிவதில்லை. ஆனால் மருந்து கலந்த பாகையும் கலக்காத பாகையும் வைத்தால் கலந்ததையே அதிகம் குடிக்கிறது. தன் நினைவைக் கெடுப்பதையே வெகுமதி என்று ஏற்றுக்கொள்கிறது! ஐரோப்பிய ஒன்றியம் இம்மருந்து உள்ளிட்ட மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்துவதை 2018இல் தடை செய்தது.

தேனீ இறந்து கிடந்தால் கண்ணுக்குத் தெரியும், மனம் பதறும். பூவை மறந்துபோன தேனீ எந்த வேலியிலும் செத்துக் கிடப்பதில்லை. அது பறந்துகொண்டுதான் இருக்கும். பூசணிப் பூவின் முன் அந்த மூன்று வினாடிகள் வந்துபோகும், எதுவும் பதியாது. மாமாவின் தோட்டத்தில் நடந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆய்வுகூடம் இல்லை. ஆனால் விடியற்காலையில் விரிந்த பூவின் மேல் நேரடியாக மருந்து விழுகிறது, அதே நேரத்துக்குத்தான் தேனீயும் பழகியிருக்கிறது என்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை.

நான் முதலில் மாமாவிடம் கேட்டது நேரத்தை மாற்றும்படிதான். அஸருக்குப் பின் பூ மூடியிருக்கும், தேனீ அந்தப் பூவுக்கு வராது. காற்று அடங்கும் நாளாகப் பார்த்து அடிக்கலாமே என்றேன். "பார்ப்போம்" என்றார். ஆனால் இந்த மருந்து இலையின் மேல் மட்டும் நிற்பதில்லை. செடி அதை உறிஞ்சி, பிறகு விரியும் பூவின் அமுதத்துக்கும் மகரந்தத்துக்கும் கொண்டுசெல்கிறது. பின்னேரம் அடித்தாலும் அடுத்த நாள் காலையில் அதில் ஒரு பங்கு பூவுக்குள் இருக்கும். இதை விளக்கியபோது மாமா நீண்ட நேரம் பேசவில்லை. வண்டு தின்றால் செடியே இல்லை, தேனீ வராவிட்டால் காய் இல்லை; இரண்டுக்கும் நடுவில் கடன் வாங்கிப் பயிர் செய்பவர் அவர். அவரிடம் விஞ்ஞானம் பேசுவது எனக்கு எளிது.

கடைசியில் இந்தச் சிறுபோகத்தில் வேலியோரத்து இரண்டு வரிசைகளுக்கு மட்டும், முதல் பூ விரிந்ததிலிருந்து அந்த மருந்தை அடிக்காமல் விட்டிருக்கிறார். அங்கே வண்டுகளை மச்சி காலையும் மாலையும் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுகிறாள். விடுமுறைக்குப் போகும்போது பெண்பூக்களுக்கு நூல் கட்டி, எந்தப் பூவுக்குத் தேனீ வந்தது, எந்தப் பிஞ்சு நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பது என் பொறுப்பு. மற்ற வரிசைகளிலும் அதே எண்ணிக்கைக்கு நூல் கட்டவேண்டும் என்று மாமாவே சொல்லிவிட்டார். நூல் வெள்ளையாகத்தான் இருக்கவேண்டும். நீலமாக இருந்தால் தேனீ நூலுக்கு வந்துவிடும் என்கிறாள் தங்கச்சி.